நான்கு வரி, ஒரு லிங்க், ஒரு 'நன்றி': சட்டம் எதைக் கேட்கிறது?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். தாம்பரம், மேடவாக்கம், வேளச்சேரி வட்டாரச் செய்திகளுக்காக ஓர் இணையதளம் நடத்துகிறீர்கள். நாளிதழ்களில் வந்த செய்தியிலிருந்து நான்கைந்து வரிகளை எடுத்து, சில நாள் படத்தையும் சேர்த்து, அடியில் 'நன்றி' என்று பத்திரிகையின் பெயரைப் போட்டு லிங்கும் கொடுக்கிறீர்கள். ஆங்கிலச் செய்தியாக இருந்தால் தமிழாக்கிப் போடுகிறீர்கள், அவசரத்தில் ஏஐ கருவியிடம் கொடுத்து வாக்கியங்களை மாற்றி வாங்கிக்கொள்வதும் உண்டு. இப்போது ஒரு நிறுவனத்தின் வழக்கறிஞரிடமிருந்து பணம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. எத்தனை வரி வரை எடுத்தால் குற்றமில்லை என்று தெரிய வேண்டும். வரிக்கணக்கு ஒன்றைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்விக்குள் செய்தி, அதை எழுதிய எழுத்து, படம், மொழிபெயர்ப்பு, லிங்க் என்று ஐந்து காரியங்கள் அடங்கியிருக்கின்றன, சட்டம் இவற்றை ஒரே தராசில் நிறுப்பதில்லை.

நான் மவுண்ட் ரோட்டில் ஒரு தமிழ் நாளிதழில் ஒன்பது ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு, பிறகு சட்டம் படித்து, பாரிமுனையில் வழக்கு நடத்துகிறவன். நான் கையாண்ட பதிப்புரிமை வழக்குகளில் பெரும்பாலானவை பத்திரிகை, பதிப்பகம் தொடர்பானவை. உங்களுக்கு வந்த நோட்டீஸை நான் பார்க்கவில்லை. நீங்கள் எடுத்த பகுதிகளையும் பார்க்கவில்லை. ஆகவே இதைச் சட்டம் எப்படிச் சிந்திக்கிறது என்பதற்கான விளக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் வழக்கின் முடிவாக அல்ல. ஒரு சொல் விளக்கமும் இங்கேயே தேவைப்படுகிறது. தமிழில் 'காப்புரிமை' என்பதைக் கண்டுபிடிப்புகளுக்கான பேட்டன்டுக்கும் சொல்கிறோம், எழுத்துக்கும் சொல்கிறோம். அந்தக் குழப்பம் வேண்டாம் என்பதற்காக இங்கே எழுத்துக்கும் படத்துக்கும் உள்ள உரிமையைப் பதிப்புரிமை என்றே குறிப்பிடுகிறேன்.

சந்தேகமே இல்லாத பகுதியிலிருந்து தொடங்கலாம். நடந்த நிகழ்ச்சி யாருக்கும் சொந்தமில்லை. நுங்கம்பாக்கத்தில் நேற்று எத்தனை செண்டிமீட்டர் மழை பதிவானது, எந்தச் சுரங்கப்பாதை மூடப்பட்டது, மாநகராட்சி எத்தனை மோட்டார்களை இறக்கியது என்பவற்றை ஒரு பத்திரிகை முதலில் வெளியிட்டுவிட்டது என்பதாலேயே அவை அந்தப் பத்திரிகையின் சொத்தாகிவிடாது. கருத்துக்கும் கருப்பொருளுக்கும் வரலாற்று உண்மைகளுக்கும் பதிப்புரிமை இல்லை, அவை வெளிப்படுத்தப்பட்ட வடிவத்துக்கே உண்டு என்று 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இந்தியா 1928 முதல் உறுப்பினராக உள்ள பெர்ன் உடன்படிக்கையும், அன்றாடச் செய்திகளுக்கும் வெறும் பத்திரிகைத் தகவலாக மட்டும் உள்ள விவரங்களுக்கும் தன் பாதுகாப்பு பொருந்தாது என்கிறது. 'நாங்கள்தான் முதலில் கண்டுபிடித்தோம், சில மணி நேரமாவது மற்றவர்கள் தொடக்கூடாது' என்ற வாதம் அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டிலிருந்து 'சூடான செய்தி' என்ற பெயரில் உலவுகிறது. இங்கே அது கிரிக்கெட் ஸ்கோர் வழியாக வந்தது. பந்துக்குப் பந்து ஸ்கோரை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பிய நிறுவனங்கள் 15 நிமிடம் காத்திருந்துதான் அனுப்ப வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர் சொன்னதை, அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2013 ஆகஸ்டில் ரத்து செய்தது. ஆகவே செய்தியைப் படித்துத் தெரிந்துகொண்டு, அதிலுள்ள விவரங்களை உங்கள் நடையில், உங்கள் வரிசையில் எழுதினால், அதன் மீது பதிப்புரிமை வழக்குப் போட யாருக்கும் இடமில்லை. நாகரிகத்துக்காக 'இன்ன நாளிதழ் செய்தி வெளியிட்டுள்ளது' என்று சொல்லுங்கள். நான் நாளிதழின் செய்தி மேசையில் இருந்த காலத்தில் போட்டிப் பத்திரிகையின் பெயரைச் சொல்வதற்குப் பதில் 'ஒரு நாளிதழ்' என்றே எழுதுவோம், அது மரியாதைக் குறைவே தவிர சட்ட மீறல் அல்ல.

எழுத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. நிருபர் எழுதிய வாக்கியங்களும், எதை முன்னால் வைத்து எதைப் பின்னால் தள்ளினார் என்ற கோவையும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி இலக்கியப் படைப்பே. 'இலக்கியம்' என்றதும் சங்கப் பாடல் அளவுக்கு நினைக்க வேண்டாம். சிறிதளவு படைப்பாற்றல் இருந்தால் போதும் என்பது ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல். அந்த எழுத்திலிருந்து அனுமதி இல்லாமல் கொஞ்சம் எடுக்கலாம் என்பதற்கு உங்களுக்கு இருக்கும் கதவு 52ஆம் பிரிவு. அதன் 52(1)(ஏ) உட்பிரிவு மூன்று நோக்கங்களுக்காக 'நியாயமான கையாளுகை'யை அனுமதிக்கிறது: ஆராய்ச்சி உட்பட்ட சொந்தப் பயன்பாடு, விமர்சனம் அல்லது மதிப்புரை, நடப்பு நிகழ்வுகளையும் நடப்பு விவகாரங்களையும் செய்தியாக்குதல். மூன்றாவது உங்களுக்குப் பொருந்தும் என்று வாதிட முடியும். ஆனால் நோக்கம் பொருந்தினால் மட்டும் போதாது, கையாளுகையும் நியாயமாக இருக்க வேண்டும்.

நம் ஊர் யூடியூப் சேனல்கள் பலவற்றில் வீடியோவுக்குக் கீழே '1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 107ஆம் பிரிவு' என்று ஆங்கிலத்தில் ஒரு பத்தி ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அமெரிக்கச் சட்டம். அங்கே ஃபேர் யூஸ், அதாவது நியாயமான பயன்பாடு, என்பது திறந்த முடிவுள்ள கோட்பாடு. எந்த நோக்கத்துக்காகவும் வாதிடலாம், நீதிமன்றம் நான்கு அம்சங்களைச் சீர்தூக்கிப் பார்க்கும். இங்கே சட்டம் பட்டியலிட்ட நோக்கத்துக்குள் முதலில் நீங்கள் நுழைய வேண்டும். அந்தப் பத்தியைக் கோடம்பாக்கத்தில் உட்கார்ந்து ஒட்டினால் இந்திய நீதிமன்றத்தில் அதற்கு எந்த மதிப்பும் கிடையாது.

சரி, எத்தனை வரி? சட்டத்தில் எண் இல்லை. நூறு சொல் வரை, பத்து சதவீதம் வரை, முப்பது விநாடி வரை என்று சொல்லப்படுவதெல்லாம் கேட்டுக் கேட்டு உண்மை போல ஆகிவிட்ட வதந்திகள். 2009இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், செய்திக் கட்டுரையிலிருந்து எடுத்த 11 சொற்கள்கூட, அவை ஆசிரியரின் தனித்த படைப்பாற்றலைத் தாங்கியிருந்தால், மீறலாக முடியும் என்றது. இந்தியாவில் அது செல்லும் சட்டம் அல்ல என்றாலும், சிறிய அளவு தானாகவே பாதுகாப்புத் தரும் என்ற நம்பிக்கையை அது நன்றாக உலுக்கியது. நம் நீதிமன்றங்கள் எதைப் பார்க்கின்றன என்பதற்கு இரண்டு தீர்ப்புகளைச் சொல்வேன். ஒன்று நம் சென்னை உயர் நீதிமன்றத்துடையது. பாடமாக வைக்கப்பட்ட நூல்களுக்குக் கைடு போட்டவர்கள் மீது பிளாக்வுட் நிறுவனம் தொடுத்த அந்த வழக்கு 1959ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. மூலத்தோடு போட்டியிட்டு அந்தப் போட்டியால் லாபம் பார்க்கும் எண்ணம் இருக்கிறதா என்ற கேள்வியை அது நியாயத்தின் மையத்தில் வைத்தது. மற்றொன்று கேரள உயர் நீதிமன்றம் 1996இல் ஒரு நாடகத்துக்கு எழுதப்பட்ட எதிர்நாடகம் குறித்துத் தந்தது. எடுத்த பகுதியின் அளவும் மதிப்பும் அதைப் பற்றி எடுத்தவர் சொல்வதோடு ஒப்பிடும்போது எவ்வளவு, எதற்காக எடுத்தார், இரண்டும் ஒன்றோடொன்று போட்டியிடுமா என்ற மூன்றையும் பார்க்கச் சொன்னது.

இவற்றை வைத்து என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்லும் சோதனை ஒன்றுதான்: உங்கள் பக்கத்தைப் படித்து முடித்தவருக்கு மூலத்துக்குப் போக வேண்டிய தேவை மிஞ்சுகிறதா? ஆறு பத்தி உள்ள செய்தியில் முதல் பத்தியை மட்டும் அப்படியே எடுத்தேன் என்பீர்கள். பத்திரிகைச் செய்தியின் அமைப்பே முக்கியமானதெல்லாம் முதல் பத்தியில் வந்துவிட வேண்டும் என்பதுதான். இடம் பற்றாதபோது அடியிலிருந்து வெட்டுவோம், மேலே கை வைக்க மாட்டோம். ஆகவே நீங்கள் எடுத்த நான்கு வரி அளவில் சிறியது, மதிப்பில் செய்தியின் சாறு. மாறாக, ஒரு நாளிதழின் தலையங்கத்திலிருந்து இரண்டு வாக்கியங்களை மேற்கோள் குறிக்குள் வைத்து, அதோடு நீங்கள் ஏன் உடன்படவில்லை என்று எட்டு வாக்கியம் எழுதினால், அங்கே எடுத்தது உங்கள் வாதத்துக்குத் தூணாக நிற்கிறது. வரி கூடுதலாக இருந்தாலும் உங்கள் நிலை வலுவானது. வரியை எண்ணுவதைவிட, உங்கள் சொந்த வரிகள் பக்கத்தில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுவது பயனுள்ளது.

'நன்றி' போடுவது பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் இது ஒரு நம்பிக்கையாகவே வளர்ந்துவிட்டது. சிற்றிதழ்கள் ஒன்றிலிருந்து ஒன்று எடுத்துப் போட்டு 'நன்றி' சொன்ன காலத்தில், பெரும்பாலும் ஆசிரியர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், ஒரு போஸ்ட் கார்டில் அனுமதி வாங்கியிருப்பார்கள். இப்போது 'நன்றி: இணையம்' என்று போடுகிறோம், யாருக்கு நன்றி சொல்கிறோம் என்று போடுகிறவருக்கும் தெரியாது. பெயர் சொல்வது நேர்மைக்கு அடையாளம், நியாயத்தைச் சீர்தூக்கும்போது உங்கள் பக்கம் சற்று எடை கூட்டும். 57ஆம் பிரிவில் ஆசிரியர் தன் படைப்பைத் தன்னுடையது என்று கோரும் உரிமையையும் அது மதிக்கிறது. ஆனால் அனுமதியின் இடத்தில் அது உட்காராது. சில சமயம், யாரிடமிருந்து எடுத்தோம் என்பதற்கு நாமே எழுதிக்கொடுத்த சாட்சியமாகவும் ஆகிவிடுகிறது.

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு விதிவிலக்கைச் சொல்கிறேன். நடப்புப் பொருளாதார, அரசியல், சமூக, சமயப் பொருள்கள் பற்றிய கட்டுரையை, அதன் ஆசிரியர் மறுபிரசுர உரிமையைத் தனக்கென்று வெளிப்படையாக ஒதுக்கிக்கொண்டிருந்தால் ஒழிய, மற்றொரு செய்தித்தாளோ பருவ இதழோ வெளியிடலாம் என்கிறது 52(1)(எம்). கேட்டவுடன் எல்லாச் சிக்கலும் தீர்ந்தது போலத் தோன்றும். இதைப் பிடித்துக்கொண்டு யாரும் கிணற்றில் இறங்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். பெரும்பாலான தளங்களின் அடியில் 'அனைத்து உரிமைகளும் ஒதுக்கப்பட்டவை' என்று இருக்கிறது. ஆசிரியர் ஒதுக்கினாரா, நிறுவனம் ஒதுக்கியது போதுமா என்று வாதிடலாம் என்றாலும் அது நீண்ட வாதம். இணையதளம் 'பருவ இதழ்' ஆகுமா என்பது அதைவிடச் சந்தேகமான இடம். 1957ஆம் ஆண்டுச் சொல்லை வைத்துக்கொண்டு இன்றைய தளத்தை அளக்க வேண்டியிருக்கிறது. நீதிமன்றத்தில் கூடுதல் வாதமாக இதை வைப்பேன். இதை நம்பித் தளம் நடத்தச் சொல்ல மாட்டேன்.

மொழிபெயர்ப்பில் எனக்குத் தயக்கமே இல்லை. ஒரு படைப்பை மொழிபெயர்க்கும் உரிமை 14ஆம் பிரிவின்படி உரிமையாளருக்கே உரியது. ஆங்கில நாளிதழின் சிறப்புக் கட்டுரையை வாக்கியத்துக்கு வாக்கியம் தமிழாக்கினால், ஒரு சொல்லைக்கூட நீங்கள் நகலெடுக்கவில்லை என்பது பதில் ஆகாது. சுருக்கி மாற்றுவதும் தழுவல் உரிமைக்குள் வரும். ஏஐ கருவி செய்து தரும் மாற்றமும் இதே குழியில்தான் விழுகிறது: மூலத்தின் பத்தி வரிசை, மேற்கோள்களைத் தேர்ந்த விதம், உவமை எல்லாம் அப்படியே இருக்க, 'தெரிவித்தார்' என்பது 'கூறினார்' ஆனால் அது புதிய எழுத்து ஆகிவிடாது. செய்தி நிறுவனமான ஏஎன்ஐ 2024 நவம்பரில், சாட்ஜிபிடி என்ற ஏஐ கருவியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, அந்தக் கருவிகள் செய்திகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது பற்றியது. அது வேறு சண்டை, உங்கள் பக்கத்தில் வெளியானதற்குப் பொறுப்பு உங்களுடையதுதான். இரண்டு மூன்று இடங்களில் விவரத்தைச் சரிபார்த்து, அந்த வார்டு கவுன்சிலரிடமோ அந்தத் தெருக்காரர்களிடமோ ஒரு போன் போட்டுக் கேட்டு எழுதுவது இதைவிடப் பாதுகாப்பானது. உங்களைப் போன்ற வட்டாரத் தளத்துக்கு அது பெரிய நாளிதழைவிட எளிதும்கூட.

படத்துக்கு மிகக் குறைவாகவே இடமுண்டு. புகைப்படம் கலைத்தரம் உள்ளதா இல்லையா என்று பாராமலேயே கலைப்படைப்பு என்கிறது சட்டத்தின் விளக்கப் பிரிவு. படத்தில் நான்கு வரி எடுக்க முடியாது. எடுத்தால் முழுவதும் எடுத்ததாகத்தான் ஆகும். என்னிடம் வந்த இணையத் தகராறுகளில் செய்தி வாசகத்தைவிடப் படமே அதிகம் சிக்கியிருக்கிறது. உங்கள் போனில் எடுத்த மங்கலான படம் அடுத்தவரின் அழகான படத்தைவிட நல்லது.

இனி லிங்க். வெளிப்படையாகத் திறந்திருக்கும் பக்கத்துக்கு லிங்க் கொடுப்பது நகல் எடுப்பது அல்ல, முகவரி சொல்வது. இதற்கு எதிராக இந்தியாவில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் எனக்குத் தெரிந்தவரை இல்லை. 2012 திருத்தத்தில் வந்த 52(1)(சி), லிங்க் தருவதற்காக நேரும் தற்காலிகச் சேமிப்பை, உரிமையாளர் வெளிப்படையாகத் தடுத்திருந்தால் ஒழிய, மீறல் அல்ல என்கிறது. அது மீறல் நகல் என்று தெரிந்திருந்தாலோ, தெரிந்துகொள்ள நியாயமான காரணம் இருந்தாலோ இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. உரிமையாளர் எழுத்துமூலம் புகார் தந்தால் 36 மணி நேரத்துக்குள் அதை அணுக முடியாதபடி தடுக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. 21 நாட்களுக்குள் அவர் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் மீண்டும் திறக்கலாம். ஐரோப்பாவில் 2014, 2016 தீர்ப்புகள் இதே வேறுபாட்டை எடுத்துக்காட்டின: உரிமையாளரே திறந்து வைத்த பக்கத்துக்கு லிங்க் கொடுக்கலாம், லாப நோக்கோடு திருட்டு நகலுக்குக் கொடுத்தால் தெரிந்தே கொடுத்ததாகக் கொள்ளப்படும். அங்கே 2019இல் பத்திரிகை வெளியீட்டாளர்களுக்கென்று தனி உரிமையே உருவாக்கினார்கள். அதிலும் லிங்கையும் மிகச் சிறிய பகுதிகளையும் விலக்கிவைத்தார்கள். அப்படியொரு தனி உரிமை இந்தியாவில் இல்லை.

தலைப்பை மட்டும் எடுத்து லிங்க் கொடுப்பது எனக்குக் கவலை தரவில்லை. வெறும் தலைப்புக்குப் பொதுவாகப் பதிப்புரிமை இல்லை என்று 2015இல் ஒரு திரைப்படத் தலைப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. செய்தித் தலைப்பும் அதே தர்க்கத்தில் வரும் என்று நினைக்கிறேன், நினைக்கிறேன் என்ற சொல்லைக் கவனமாகவே போடுகிறேன். அடுத்தவர் பக்கத்தை உங்கள் பக்கத்துக்குள் ஒரு ஃப்ரேமில் வைத்துக் காட்டுவது, பணம் கட்டினால்தான் படிக்க முடியும் என்ற கட்டணச் சுவரைத் தாண்ட வழி சொல்வது, இ-பேப்பர் பிடிஎஃப்புக்கு லிங்க் கொடுப்பது ஆகியவற்றை லிங்க் என்ற பெயரில் சேர்க்காதீர்கள். ஊரடங்கு நாட்களில் காலை ஐந்து மணிக்கெல்லாம் அடுக்குமாடிக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களில் முழு நாளிதழ் பிடிஎஃப் வந்து விழும். யாரும் அதைத் தவறென்று நினைத்ததாகத் தெரியவில்லை. 2020 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம், அப்படி இ-பேப்பர் பகிர்ந்த சேனல்களை நீக்கவும் நடத்தியவர்களின் விவரங்களைத் தரவும் டெலிகிராமுக்கு உத்தரவிட்டது.

நோட்டீஸுக்கு வருகிறேன். அதில் கேட்கப்பட்ட தொகை நோட்டீஸ் அனுப்பியவர் போட்ட கணக்கு. அதைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம். அதற்காக அலட்சியம் செய்யவும் கூடாது. 63ஆம் பிரிவின்படி தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2,00,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. இது பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க, ஜாமீனில் விடத்தகாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. நடைமுறையில் இத்தகைய தகராறுகள் பெரும்பாலும் உரிமையியல் (சிவில்) வழக்குப் பக்கத்திலேயே முடிகின்றன என்பது என் அனுபவம், உத்தரவாதம் அல்ல. படங்களையும், வாக்கியத்துக்கு வாக்கியம் எடுத்தவற்றையும் உடனே தளத்திலிருந்து நீக்கிவிடுங்கள். நீக்குமுன் பக்கத்தின் நகலைத் தேதியோடு சேமித்துக்கொள்ளுங்கள். தவறை ஒப்புக்கொண்டு நீங்களாக மின்னஞ்சல் எழுதாதீர்கள். எந்தெந்தப் பதிவு, எந்தெந்தப் பகுதி என்று குறிப்பாகக் கேளுங்கள். உரிமை அவர்களுடையதுதானா என்றும் கேளுங்கள்: பணியாளரான நிருபர் எழுதியதென்றால் பத்திரிகையில் வெளியிடுவது தொடர்பான அளவுக்கு 17ஆம் பிரிவு உரிமையை நிறுவனத்துக்குத் தருகிறது, வெளியாள் எழுதியதோ, சம்பளமில்லாப் பகுதிநேரச் செய்தியாளர் அனுப்பிய படமோ என்றால் எழுத்துமூல உரிமை மாற்றம் இருக்க வேண்டும். நம் மாவட்டங்களில் செய்தி அனுப்புகிறவர்கள் எத்தனை பேரிடம் அப்படியொரு தாள் கையெழுத்து வாங்கப்பட்டிருக்கிறது என்பது பத்திரிகைக்காரர்களுக்கே தெரியும். நோட்டீஸ் முற்றிலும் ஆதாரமற்றது என்று உங்கள் வழக்கறிஞர் கருதினால், வீண் மிரட்டலுக்கு எதிராக நீங்களே வழக்குப் போட 60ஆம் பிரிவு வழி தருகிறது. அவர்கள் முந்திக்கொண்டு முறையாக வழக்குத் தொடுத்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். நீங்கள் விவரித்த அளவில், படங்கள் இருப்பதால், உங்கள் வழக்கு அந்த வகை அல்ல.

நீதிமன்றத் தீர்ப்புகள், அரசிதழில் வந்தவை ஆகியவற்றை எடுத்து வெளியிட 52(1)(க்யூ) பரவலாக இடம் தருகிறது. அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறை அனுப்பும் செய்திக் குறிப்புகள் வெளியிடுவதற்காகவே தரப்படுபவை. உங்கள் பழைய பதிவுகளில் இவற்றிலிருந்து நேரே எடுத்தவை எவை, நாளிதழ் வழியாக வந்தவை எவை என்று பிரித்து ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள். பதிலுக்கு நோட்டீஸில் எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை; வழக்கமாக ஏழோ பதினைந்தோ நாள் கொடுப்பார்கள், அந்தத் தேதியை முதலில் பாருங்கள்.